வஞ்சிமுத்து வீட்டார் கேமரா பார்த்த கதை

ஊமத்தம்பாளையத்தில் தேங்காய் வியாபாரம் பார்த்த வஞ்சிமுத்து கடைக்குப் போனால் சிரிக்க மாட்டார். கடைக்கு வெளியிலும் சிரிக்க மாட்டார். கடைக்காரன் எவனாவது அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தால் என்ன ஆவது?

காரணம் இல்லாமல் இல்லை. வாலிபத்தில் கொப்பரைக் களத்தில் மூட்டை தூக்கிச் சேர்த்த காசை மடியில் கட்டிக்கொண்டு ஒருமுறை மாட்டுச் சந்தைக்குப் போனார். அங்கே ஒரு கிடாரி அவர் உள்ளங்கையை நக்கியது. கூச்சத்தில் சிரித்துவிட்டார். மாட்டுக்காரன் அதைப் பார்த்துவிட்டான். அதுவரை சொன்ன விலையை விழுங்கிவிட்டு, வாயில் அதைவிடப் பெரிய விலையை எடுத்தான். வெறும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நடந்தே ஊர் திரும்பிய வஞ்சிமுத்து, வழியிலேயே பல்லை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். தன் கல்யாணத்தில்கூட அவர் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சமையல்காரரோடு பேரம் இன்னும் முடிந்திருக்கவில்லை.

வீட்டில் அவரைத் தவிர மூன்று பேர். மனைவி சரசாத்தாள், நடுத்தம்பி கிட்டுசாமி, கடைசித் தம்பி நாச்சிமுத்து. மூவரும் நல்லவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். பால் பொங்கும்வரை பார்த்துக்கொள் என்றால் பொங்கும்வரை கண்கொட்டாமல் பார்ப்பார்கள். பொங்கிய பிறகு பார்க்க மாட்டார்கள். அதை யாரும் சொல்லவில்லையே. அந்த வீட்டில் மூளை உள்ளவர் தான் ஒருவர்தான் என்பது வஞ்சிமுத்துவின் எண்ணம். மற்ற மூவரும் அதை முழுமனதாக ஒப்புக்கொண்டார்கள். வீட்டின் நிலைமையை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

நாச்சிமுத்துவுக்குப் பெண் அமையாமல் இருந்தது. போன வருடம் ஒரு வீட்டில் எல்லாம் கூடி வந்தது. "கையை நனைச்சுட்டுப் போங்க மாப்பிள்ளை" என்று பெண்ணின் தாய்மாமன் சொன்னார். உள்ளே பந்திக்கு இலை போட்டிருந்தார்கள். நாச்சிமுத்து தொட்டிக்குப் போய் இரண்டு கையையும் நன்றாக நனைத்துவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட பஸ் ஏறி வந்துவிட்டான். அந்தச் சம்பந்தம் அந்தத் தொட்டியோடு போயிற்று.

இப்போது கரட்டுப்புதூரில் வெள்ளியங்கிரி என்பவரின் மகள் கோகிலவாணி. தேர்த்திருவிழாவில் பார்த்ததிலிருந்து நாச்சிமுத்து சோற்றில் குழம்பு ஊற்ற மறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பெண் வீட்டிலும் பேச்சு நல்லபடியாகவே போனது. ஆனால் வெள்ளியங்கிரி ஒரு காரியம் சொல்லிவிட்டார்.

"பொண்ணு ஒண்ணே ஒண்ணுதானுங்க கேக்குது. வாழப்போற வூட்டுல எல்லாரும் ஒண்ணா இருக்கற மாதிரி ஒரு போட்டோ. ஸ்டுடியோவுல வெறைச்சுக்கிட்டு நிக்கறது வேண்டாம். வூட்டுல எப்படி இருப்பீங்களோ அப்படி. ஒருத்தரும் விடுபடக் கூடாது. ஆடி பொறக்கறதுக்குள்ள பொண்ணு கண்ணுல காட்டிருங்க. இல்லீன்னா அத்தை பையனுக்கே பேசி முடிச்சுருவோம். அவன் போட்டோ ஏற்கெனவே எங்க வூட்டுல மாட்டியிருக்குது."

அன்று ராத்திரி நாச்சிமுத்து அண்ணனிடம் சொன்னான். "இந்தப் பொண்ணும் தப்பிப்போச்சுன்னா நான் களத்துல கொப்பரையோட கொப்பரையாக் காஞ்சுக்கறனுங்ணா."

"ஒரு வெயிலுக்குக் காய மாட்டே நீ," என்றார் வஞ்சிமுத்து. ஆனால் மனசு கரைந்துவிட்டது.

போனிலேயே படம் எடுக்கிற பழக்கம் அந்த ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஊரில் இருந்த ஒரே போட்டோக்காரர், வஞ்சிமுத்துவோடு ஒருமுறை பேரம் பேசிய பிறகு அந்தத் தெருவுக்கே வருவதில்லை. ஆகவே குடும்பத்துக்கென்று மலிவாக ஒரு டிஜிட்டல் கேமரா வாங்குவது என்று முடிவாயிற்று. நால்வரும் கடைவீதியில் ஜெயபால் கடைக்குப் போனார்கள்.

"புதுசாக் கத்துக்கறவங்களுக்கு இதுதானுங்க. இருக்கறதுலயே விலை கம்மி," என்று ஜெயபால் ஒரு சின்னக் கேமராவை எடுத்து வைத்தார்.

வஞ்சிமுத்து அதைக் கையில் வாங்கினார். எடை பார்த்தார். ஆள்காட்டி விரலை மடக்கித் தட்டினார். பிறகு காதோரம் வைத்து ஆட்டினார்.

"உள்ளே ஒண்ணுமே ஆடலையே."

"ஆடக் கூடாதுங்க."

"ஆடலைன்னா தண்ணி வத்திப்போச்சுன்னு அர்த்தம். பழைய சரக்கு. என்ன விலை?"

ஜெயபால் சொன்னார். வஞ்சிமுத்து சாவுச் சேதி கேட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். வெகு நேரம் அப்படியே வைத்திருந்தார். கொண்டுவந்து வைத்த டீ ஆடை கட்டியது. ஜெயபாலுக்கே யாரோ செத்துவிட்டார்கள் போல நெஞ்சு அடைத்தது.

"அண்ணா, இப்படிச் செய்யலாமுங்க," என்றார் கடைசியில். "வர்ற அமாவாசை வரைக்கும் உங்க வூட்டுல வெச்சு எடுத்துப் பாருங்க. புடிச்சா வாங்க, விலை பேசிக்கலாம். புடிக்கலைன்னா கீறல் படாம திருப்பிக் குடுத்துருங்க. சேதாரம் இல்லை."

வஞ்சிமுத்துவுக்கு உள்ளுக்குள் தேன் குடித்த மாதிரி இருந்தது. வெளியே இன்னும் சாவுச் சேதியாகவே நின்றார்.

ஜெயபால் கிட்டுசாமியிடம் விவரம் சொல்லிக் கொடுத்தார். "சூரியனுக்கு முதுகைக் காட்டி நிக்கோணும். கை ஆடக் கூடாது. இந்தக் குமிழைத் தள்ளினா தூரத்துல இருக்கறவங்க கிட்ட வருவாங்க. இந்தச் சிரிச்ச மூஞ்சி போட்டிருக்குது பாருங்க, மேல இருக்கற சக்கரத்தை இந்த இடத்துக்குத் திருப்பி வெச்சுட்டீங்கன்னா நீங்க ஒண்ணையும் அமுக்க வேண்டாம். எதுக்க இருக்கறவங்க எல்லாரும் சிரிச்சா தானா எடுத்துக்கும். ஒருத்தர் உம்முன்னு இருந்தாலும் எடுக்காது. குடும்பத்துக்குன்னே செஞ்சதுங்க."

கிட்டுசாமி அதை ஒரு சொல் பிசகாமல் மனப்பாடம் செய்துகொண்டு வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான். எதிரில் வந்தவர்கள் ஏதோ மந்திரம் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் வீட்டு வாசலில் சோதனை ஆரம்பித்தது. கிட்டுசாமி கேமராவோடு சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றான். எதிரே மற்ற மூவரும் நின்றார்கள்.

"நில்லுங்க," என்றாள் சரசாத்தாள். "சூரியனுக்கு முதுகைக் காட்டோணும்னு கடைக்காரரு யாருக்குச் சொன்னாரு?"

கிட்டுசாமி யோசித்தான். "பேரு சொல்லலீங்க அண்ணி. பொதுவாத்தான் சொன்னாரு."

"பொதுவுன்னா எல்லாருக்கும்தானே?"

நியாயம்தான். மூவரும் திரும்பி நின்றார்கள். இப்போது எல்லாருடைய முதுகும் சூரியனைப் பார்த்தது. ஆனால் படம் எடுக்கிறவன் எல்லாருக்கும் முன்னால் அல்லவா நிற்க வேண்டும்? கிட்டுசாமி சுற்றிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் போய், விதிப்படி சூரியனுக்கு முதுகைக் காட்டி, அமுக்கினான்.

நால்வரும் தலையை முட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார்கள். படத்தில் காம்பவுண்டுச் சுவர் மட்டும் இருந்தது.

"செவுரு நல்லா வந்திருக்குது," என்றான் நாச்சிமுத்து.

"வெடிப்புகூடத் தெரியுது பாரு. மேஸ்திரி ஏமாத்திப்போட்டான்," என்றார் வஞ்சிமுத்து.

"நாம எங்கங்க காணோம்?"

"நாம பின்னாடி நின்னோம் அண்ணி," என்றான் கிட்டுசாமி.

சரசாத்தாள் கேமராவை வாங்கி, பின்னாடி திருப்பிப் பார்த்தாள். அங்கே வெறும் கண்ணாடிக் குழல்தான் இருந்தது.

வஞ்சிமுத்து தொண்டையைக் கனைத்தார். "செவுத்துக்கு நல்ல பெட்டி. ஆளுங்களுக்கு எப்படின்னு தெரியலை. விலையில ஒரு பங்கு குறையோணும்." சொல்லிவிட்டு அதை மனசில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தார்.

அடுத்தது கை. கிட்டுசாமியின் கை சும்மாவே நடுங்கும். கையில் ஊரான் பொருள் வேறு. அவன் கையைத் தோப்பில் ஒரு தென்னை மரத்தோடு சேர்த்துக் கயிற்றால் இறுகக் கட்டினாள் சரசாத்தாள். கை இப்போது ஆடவில்லை. மரம் ஆடியது. காற்றுக்காலம். படத்தில் வஞ்சிமுத்துவுக்கு மூன்று மூக்கு விழுந்தது.

"மரத்தை யாராச்சும் புடிக்கோணும்," என்றான் கட்டுண்டு நின்ற கிட்டுசாமி.

நாச்சிமுத்து போய்க் கட்டிப்பிடித்தான். போதவில்லை. சரசாத்தாளும் போனாள். கடைசியில் வஞ்சிமுத்துவும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு போய், "வெச்சு வளர்த்தவன் சொல்றேன், செத்த நேரம் சும்மா நில்லு" என்று மரத்தைத் திட்டியபடி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். மரம் நின்றது. கிட்டுசாமி அமுக்கினான். படத்தில் யாரும் இல்லாத தோப்பும், பக்கத்து வீட்டு வெள்ளாடு ஒன்றும் துல்லியமாக விழுந்திருந்தன.

"ஆடு என்னமா நிக்குது பாருங்க," என்றாள் சரசாத்தாள். "அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"அதுக்குக் கல்யாணக் கவலை இல்லை," என்றான் நாச்சிமுத்து.

மத்தியானம் சோறு உண்டபின் குமிழைச் சோதித்தார்கள். சரசாத்தாள் தோப்பின் கடைசியில் நின்றாள். கிட்டுசாமி குமிழைத் தள்ளினான். திரையில் அண்ணி விறுவிறுவென்று கிட்டே வந்துவிட்டாள். மூக்குத்திக் கல் தெரிந்தது.

"அண்ணி, வந்துட்டீங்க," என்று கூவினான்.

"நான் இங்கதான் நிக்கறேன்," என்று தூரத்திலிருந்து பதில் வந்தது.

"பொய் சொல்லாதீங்க. எனக்குத் தெரியுது."

சரசாத்தாளுக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் வாழ்க்கையில் பொய் சொன்னதில்லை. அதற்கு வேண்டிய சாமர்த்தியம் கிடையாது. வஞ்சிமுத்து பஞ்சாயத்து செய்தார். அவள் நிற்கும் இடத்தில் கால் ஓரமாகச் சுண்ணாம்பால் கோடு போட்டார். மறுபடி குமிழைத் தள்ளச் சொன்னார். திரையில் அவள் வந்தாள். போய்க் கோட்டைப் பார்த்தார். கால் கோட்டிலேயே இருந்தது.

"சரசா நகரலை. பெட்டிதான் பொய் சொல்லுது," என்று தீர்ப்பளித்தார். "பொய் சொல்ற பொருளுக்கு எவன் முழு விலை குடுப்பான்? இன்னொரு பங்கு குறையோணும்."

சரசாத்தாள் அன்று முழுக்க அந்தக் கேமராவோடு பேசவில்லை.

இப்படியே நாட்கள் ஓடின. ஆனி தேய்ந்துகொண்டே வந்தது. கரட்டுப்புதூரிலிருந்து வெள்ளியங்கிரி இரண்டு தடவை ஆள் விட்டுவிட்டார். அத்தை பையன் புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருப்பதாக வந்த ஆள் சொல்லிவிட்டுப் போனான். நாச்சிமுத்து சோற்றையும் மறந்து வெறும் குழம்பைக் குடித்துக்கொண்டிருந்தான்.

கடைசியாக மிச்சம் இருந்தது சிரிச்ச மூஞ்சிதான். அமுக்க ஆள் வேண்டாம் என்பதால் ஒருவரும் விடுபட வேண்டியதில்லை. தேங்காய்க் குவியலின் உச்சியில் கேமராவை வைத்தான் கிட்டுசாமி. சக்கரத்தைச் சிரிச்ச மூஞ்சிக்குத் திருப்பினான். எதிரே கட்டிலில் நால்வரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். வீட்டில் எப்படி இருப்பார்களோ அப்படி.

சிரித்தார்கள். பெட்டி சும்மா இருந்தது. இன்னும் சிரித்தார்கள். தெருவில் போன தபால்காரர் பார்த்துவிட்டு, பதிலுக்குச் சிரித்து, கொஞ்ச தூரம் போனதும் சைக்கிளை வேகமாக மிதித்தார்.

"என்னத்தையோ பாக்குது," என்றாள் சரசாத்தாள், உதடு அசையாமல்.

கிட்டுசாமி கடைக்கண்ணால் வரிசையைப் பார்த்தான். "அண்ணா, நீங்க சிரிக்கலீங்க."

"அது எனக்குத் தெரியாதாடா?"

"நீங்க சிரிக்காம அது எடுக்காதுங்களே."

"டேய் கிட்டு, கேளு. இது யாரு பெட்டி?"

"கடைக்காரரு பெட்டிங்க."

"விலை பேசியாச்சா?"

"இல்லீங்க. அமாவாசைக்குத்தான்."

"அவன் பெட்டிக்கு முன்னால நான் பல்லைக் காட்டினா, அது எடுத்து உள்ளே வெச்சுக்கும். நாளைக்குப் பெட்டியைக் கொண்டுட்டுப் போய் நான் செவுருங்கறேன், மரங்கறேன், பொய்ங்கறேன். அவன் தொறந்து பாப்பான். ஈன்னு நான் உக்காந்திருப்பேன். அப்புறம் எவன்டா விலையைக் குறைப்பான்?"

மூவரும் தலையாட்டினார்கள். எத்தனை ஆழமான மனுஷன்.

நாச்சிமுத்துதான் மெல்லச் சொன்னான். "நீங்க சிரிக்கலைன்னா எனக்குப் பொண்ணு இல்லீங்கண்ணா."

வஞ்சிமுத்து தம்பியைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். ஒரு பக்கம் கூடப்பிறந்தவன். மறுபக்கம் இத்தனை வருஷத்துத் தொழில்.

வழி தேட உட்கார்ந்தார்கள்.

"நீங்க திரும்பி உக்காந்துக்கலாமுங்க," என்றான் கிட்டுசாமி. "மூஞ்சி இல்லைன்னா அது கணக்குல சேக்காது. விடுபடவும் இல்லை. முதுகும் நம்ம அண்ணனோடதுதான்."

"முதுகைப் பாத்து எந்தப் பொண்ணு வாக்கப்படும்?" என்றான் நாச்சிமுத்து.

சரசாத்தாள் அடுப்பிலிருந்து கரி எடுத்துவந்து, புருஷன் வாயின் இரண்டு ஓரத்திலும் காதுவரைக்கும் ஒரு சிரிப்பு வரைந்தாள். குவியலின் மேல் இருந்த பெட்டி அசையவில்லை. போலிச் சரக்கை அது வாங்கவில்லை. வஞ்சிமுத்துவுக்கு முதல்முறையாக அதன்மேல் ஒரு மரியாதை பிறந்தது. மரியாதை வெளியே தெரிந்தால் விலை ஏறும் என்பதால் முகத்தை இன்னும் கடுப்பாக வைத்துக்கொண்டார்.

அப்புறம் கேமராவின்மேல் ஒரு துண்டைப் போட்டார்கள். அது பார்க்கவில்லை என்று உறுதியானதும் வஞ்சிமுத்து சிரித்துக் காட்டினார். துண்டை எடுத்தார்கள். நிறுத்திவிட்டார். ஆனால் அதற்குள் சரசாத்தாள் பார்த்துவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்போதுதான் பார்க்கிறாள்.

"ஏனுங்க," என்றாள் மெதுவாக, "உங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு தெத்துப்பல்லு இருக்குதுங்களா?"

"உள்ளே போடி," என்றார் வஞ்சிமுத்து. ஆனால் குரலில் காரம் இல்லை.

கடைசியில் வழியை அவரே கண்டுபிடித்தார். பேரத்தை முதலில் முடித்துவிடுவது. பெட்டி நம்முடையதாகிவிட்டால் அதற்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம். ஆனி முடிய இன்னும் கொஞ்சம் நாள்தான் இருந்தது. நால்வரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார்கள்.

கிட்டுசாமி கேமராவைக் கடை மேசைமேல் தங்களைப் பார்த்தபடி வைத்தான். சக்கரம் சிரிச்ச மூஞ்சியிலேயே இருந்தது. திருப்பி வைக்கத்தான் ஜெயபால் சொல்லியிருந்தார்; திரும்பத் திருப்பச் சொல்லவில்லை.

பேரம் ஆரம்பித்தது. வஞ்சிமுத்து சுவரைச் சொன்னார். மரத்தைச் சொன்னார். தன் மூன்று மூக்கைச் சொன்னார். சுண்ணாம்புக் கோட்டைச் சொன்னபோது ஜெயபால் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு வீட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு வாடிக்கைக்காரர்கள் வந்து, கேட்டு, பயந்து, திரும்பிப் போய்விட்டார்கள்.

"சரிங்கண்ணா," என்றார் கடைசியில். "உங்க விலைக்கே எடுத்துக்குங்க. என்னை விட்டாப் போதும்."

நாச்சிமுத்துவின் வாய் விரிந்தது. கிட்டுசாமியின் வாய் விரிந்தது. சரசாத்தாள் முந்தானையால் வாயை மூட மறந்து சிரித்தாள். வஞ்சிமுத்துவுக்குள் கிடாரி நக்கிய நாளிலிருந்து அடைத்துக் கிடந்ததெல்லாம் ஒன்றாகத் திரண்டு, தெத்துப்பல் முன்னால் வர, முகம் முழுக்கப் பரவியது.

டிக்.

ஜெயபால் கேமராவை எடுத்துப் பார்த்தார். நால்வரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, வெளிச்சம் சரியாக விழுந்து, மூக்கு ஒவ்வொன்றாக அளவோடு அமைந்து, அப்படி ஒரு படம். அதைப் பார்த்தார். வஞ்சிமுத்துவின் பல்லைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இவ்வளவு சந்தோசமா உங்களுக்கு?" என்றார். "அப்ப நான்தான் ஏமாந்திருக்கறேன். இல்லீங்கண்ணா, கட்டுபடி ஆகாது. மொதல்ல சொன்ன விலைதான். படம் வேற நல்லா வந்திருக்குது, அதுக்குத் தனி."

வஞ்சிமுத்து தம்பி பக்கம் திரும்பினார். "பாத்தியாடா கிட்டு? நான் சொன்னனா இல்லையா?"

"சொன்னபடியே நடந்துருச்சுங்கண்ணா," என்றான் கிட்டுசாமி பக்தியோடு.

சொன்னது பலித்த பெருமை ஒரு கணம். அடுத்த கணம் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "பெட்டியும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம். மாட்டுக்காரனாச்சும் மாட்டை வெச்சுத்தான் விலையை ஏத்துனான். நீ என்ற பல்லை வெச்சு ஏத்துறியா?" என்று கத்திவிட்டு, துண்டை உதறிக்கொண்டு வெளியே வந்தார்.

நாச்சிமுத்து கடைப்படியில் உட்கார்ந்துவிட்டான். எழுந்திருக்கவில்லை.

"வாடா."

"என்ற கல்யாணம் உள்ளே இருக்குதுங்ணா."

வஞ்சிமுத்து நின்றார். உள்ளே போனால் அவர் தோற்றவர். போகாவிட்டால் அத்தை பையனின் புதுச் சட்டை. நடுவீதியில் வெயிலில் அப்படியே நின்றார். ஒரு மாட்டு வண்டி அவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

அப்போது கிட்டுசாமி ஒன்று கேட்டான். "போட்டோவைப் பொண்ணு வூட்டுக்குக் கொண்டுக்கிட்டுப் போக முடியாதுங்க. பொண்ணு வூட்டை போட்டோவுக்குக் கொண்டுக்கிட்டு வந்தா?"

வஞ்சிமுத்து அவன் பக்கம் திரும்பினார். "கண்ணுல காட்டிருங்கன்னுதானே அந்த ஆளு சொன்னாரு?"

"அப்படியேதானுங்க சொன்னாரு."

"கடையில வெச்ச பொருளைப் பாக்கறதுக்கு எவனும் காசு கேக்க முடியாது. போ, வண்டி பேசு."

மறுநாளே வெள்ளியங்கிரி, மனைவி, மகள் கோகிலவாணி, ஒறம்பரைச் சொந்தம் ஏழெட்டுப் பேர் ஒரு வேனில் வந்து ஜெயபால் கடையில் இறங்கினார்கள். கூட்டத்தைப் பார்த்து ஜெயபால் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். வாங்க வந்தவர்கள் இல்லை, படம் பார்க்க வந்தவர்கள் என்று தெரிவதற்குள் எல்லாருக்கும் டீ சொல்லியாகிவிட்டது.

கோகிலவாணி கேமராவைக் கையில் வாங்கி, முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இவரு யாரு, மூத்தவருங்களா? சிரிக்கவே மாட்டாருன்னு ஊருல சொன்னாங்களே."

"ஒரு தடவை சிரிச்சாரு கண்ணு," என்றாள் சரசாத்தாள். "அதைத்தான் எடுத்து வெச்சிருக்குது."

"இவரு?" என்று படத்தில் நாச்சிமுத்துவைக் காட்டி, தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். "யாரையோ ஆசையாப் பாக்கறாப்பல இருக்குதே. யாரை நெனைச்சுக்கிட்டு நின்னீங்க?"

வேறு எவனாக இருந்தாலும் உன்னைத்தான் என்று சொல்லியிருப்பான். நாச்சிமுத்து உண்மையைச் சொன்னான். "கடைக்காரரைத்தானுங்க பாத்தேன். விலையைக் குறைச்சாரு."

கோகிலவாணி களுக்கென்று சிரித்துவிட்டாள். அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். வெள்ளியங்கிரி மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"பொய் பேசத் தெரியாத வூடுன்னு சொல்லுதுங்க பொண்ணு. எங்களுக்குச் சம்மதம். ஆனி கடைசி நாள்ல ஒரு முகூர்த்தம் இருக்குது. வெச்சுக்குவோம்."

வைத்துக்கொண்டார்கள். ஊர்க் கோயிலில் தாலி கட்டு முடிந்தது. மேளம் ஓயவில்லை, பொண்ணு மாப்பிள்ளை கழுத்தில் மாலை வாடவில்லை. வஞ்சிமுத்து கல்யாணக் கூட்டத்தை அப்படியே திருப்பி, நேராக ஜெயபால் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

"என்னங்கண்ணா இது?" என்றார் ஜெயபால்.

"அமாவாசை வரைக்கும் எடுத்துப் பாக்கலாம்னு சொன்னது நீங்க. அமாவாசை இன்னும் வரலை. கல்யாணப் போட்டோ ஒண்ணு எடுத்துப் பாக்கறோம். புடிச்சா விலை பேசிக்கலாம்."

ஜெயபாலால் மறுக்க முடியவில்லை. அவர் சொன்ன வார்த்தைதான் அது. மேசையை வாசலுக்கு இழுத்துப் போட்டு, கேமராவைச் சிரிச்ச மூஞ்சிக்குத் திருப்பி வைத்தார்கள். எதிரே இரண்டு குடும்பமும் வீதி அடைக்க நின்றது.

"ஒருத்தரும் விடுபடக் கூடாது," என்று வெள்ளியங்கிரி சொன்னார். "இந்தச் சம்பந்தம் கூடினதே இவரு கடையிலதான். நீங்களும் வாங்கோ." ஜெயபாலின் கையைப் பிடித்து இழுத்து, மாப்பிள்ளை பக்கத்தில் நிறுத்தினார்.

எல்லாரும் சிரித்தார்கள். வஞ்சிமுத்துவும் தெத்துப்பல் தெரியச் சிரித்தார். இன்றைக்குப் பேரம் ஒன்றும் நடக்கவில்லையே. மேளக்காரர்கள் சிரித்தார்கள். கேமரா சும்மா இருந்தது.

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வரிசை நெடுகக் கண் ஓடி, ஜெயபாலின் முகத்தில் வந்து நின்றது.

"ஏனுங்க, செத்த சிரிங்க," என்றார் வஞ்சிமுத்து.

"நான் எதுக்குங்க சிரிக்கோணும்? காத்தால இருந்து ஒரு யாவாரம் இல்லை. வீதியை அடைச்சுக்கிட்டு நிக்கறீங்க. மூணு தடவை டீ வாங்கிக் குடுத்திருக்கறேன்."

வஞ்சிமுத்து யோசித்தார். நியாயமான ஆள். எதையும் சும்மா கேட்கக் கூடாது.

"சரி, சொல்லுங்க. நீங்க ஒரு தடவை சிரிக்கறதுக்கு என்ன விலை?"

ஜெயபால் ஒரு விலை சொன்னார்.

வஞ்சிமுத்துவின் வாய் சட்டென்று மூடிக்கொண்டது. முகம் சாவுச் சேதிக்குப் போயிற்று. "உதடு பழசா இருக்குது," என்று ஆரம்பித்தார். இப்போது சிரிக்காதவர்கள் இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். மற்றவர்கள் எந்த நேரமும் பேரம் முடியலாம் என்று, சிரித்த வாயைச் சிரித்தபடியே வைத்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் ஆடி பிறந்தது; பேரம் முடியவில்லை. ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். வரிசையில் இன்னும் நின்றுகொண்டிருந்த வெள்ளியங்கிரி, முகம் திரும்பாமல், உதடு அசையாமல், பக்கத்தில் நின்ற மகளிடம் கேட்டார்.

"போலாமா கண்ணு?"

"சித்த இருங்கப்பா," என்றாள் கோகிலவாணி, அதே மாதிரி உதடு அசையாமல். "சிரிச்சு முடிச்சுட்டு வந்தர்றேன்."